குவைத்துக்குப் போய்ச் சேராத தந்தி

12.7.90, வியாழன்

பஜர் தொழுகைக்கு இன்று ஒன்பது பேர். அதில் இருவர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். மைக் செட் பாங்கு அழைப்பு முழுக்கக் கொரகொரத்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியிடம் சொன்னேன். "அடுத்த வெள்ளிக்குள்ள புதுசு வந்துரும் ஹஜ்ரத்" என்றார். இது அவருடைய ஐந்தாவது அடுத்த வெள்ளி.

லுஹர் தொழுகைக்குப் பிறகு வழக்கமான கேள்விகள். பல்செட் போட்டவர் தொழுகைக்கு முன் வாய், கை, கால் கழுவி ஒளுச் செய்யும்போது அதைக் கழற்ற வேண்டுமா என்று ஒருவர். பக்கத்து வீட்டுக் கோழி நம் வீட்டில் வந்து முட்டையிட்டால் முட்டை யாருக்கு என்று இன்னொருவர். ராஜபாளையத்துக்கு இமாமாக வந்து பதினோரு வருடம் ஆகிறது. வேலூரில் ஏழு வருடம் ஓதியது கோழி முட்டைக்குத்தானா என்று சில நாள் எரிச்சல் வருகிறது.

ஆனால் இன்று தபாலில் உருப்படியான கேள்வி ஒன்று வந்தது. குவைத்திலிருந்து பீர் மைதீன் எழுதியிருக்கிறான். ரஹ்மத் பீவியின் ஒரே மகன், நான் இங்கே வந்த புதிதில் என்னிடம் ஓதியவன். ஒரு அரபி வீட்டில் டிரைவர். செருப்பு வாங்குவதென்றாலும் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். மே மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வந்து பார்க்க வேண்டும் என்கிறான். அரபி குடும்பத்தோடு கோடைக்கு லண்டன் போய்விட்டார். வீட்டுச் சாவியையும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் தாயாரையும் இவன் பொறுப்பில் விட்டிருக்கிறார். செப்டம்பரில்தான் வருவாராம். பக்கத்துத் தெருவில் வேலை செய்யும் நம்மூர் சிக்கந்தர், "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்விட்டு வா" என்கிறானாம். போகலாமா, மார்க்கம் என்ன சொல்கிறது?

உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அமானத்தாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவரின் சம்மதம் இல்லாமல் வேறு கைக்கு மாற்றக் கூடாது. ஆதாரத்தோடு, வரிசையாக. எனக்கே பிடித்துப்போனது. கையெழுத்தும் நன்றாக விழுந்தது. சௌதாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பாவம், பிள்ளையைப் பாக்கணும்னு ஆசைப்படுதான். வரச் சொல்லக் கூடாதா?" என்றாள் என் மனைவி.

சட்டம் வேறு, பாவம் பார்ப்பது வேறு என்று விளக்கினேன். அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

3.8.90, வெள்ளி

ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டது. நேற்று அதிகாலையாம். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் நிரம்பி வெளியே பாய் விரித்தோம். இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக முப்பது வீட்டுக்கு மேல் அங்கே ஆள் இருக்கிறது. துஆவை நீட்டிக் கேட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு ஆமீன் சொல்கிற சத்தம் பின்னாலிருந்து வந்தது.

கேட்டருகே ரஹ்மத் பீவி நின்றிருந்தாள். "எம் மகன் இருக்க தெருவு எதுன்னு ரேடியோவுல சொல்லுவாகளா ஹஜ்ரத்?"

சொல்ல மாட்டார்கள் என்றேன்.

26.8.90

தபால் இல்லை. போன் இல்லை. பீர் மைதீனின் மனைவி சம்சாத் பேகம் கைக்குழந்தையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் அனுப்பினாளா, இவளாகப் போனாளா, கேட்கவில்லை.

29.9.90, சனி

சிக்கந்தர் வந்துவிட்டான். பாலைவனத்தில் கூடாரத்தில் பதினோரு நாள், பிறகு விமானம், பம்பாய், ரயில். கால் இரண்டும் கொப்புளம். பாதி ஆளாகிவிட்டான். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் யாரும் இல்லாதபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பீர் மைதீன வாடான்னா வர மாட்டேன்ட்டான் ஹஜ்ரத். சட்டைப் பையில உங்க காயிதம். எடுத்து எடுத்துக் காட்டுதான். ‘வேற கைக்கு மாத்தக் கூடாதுன்னு ஹஜ்ரத் எழுதியிருக்காக. அந்தக் கெழவிய யாருட்ட விட’ங்கான்."

நான் எழுதியது சண்டைக்கு முன்பு. லீவில் வருவதைப் பற்றி எழுதினேன். சண்டையைப் பற்றியா எழுதினேன் என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் சொன்னேன். கேக்கணுமே. நீங்க ஒரு தந்தி அடிங்க. ஜோர்டான்ல நம்ம தூதரகம் இருக்கு. அங்கருந்து ஆளேத்த குவைத்துக்கு பஸ்ஸு போயிட்டுப் போயிட்டு வருது. டிரைவருக கையில குடுத்து விடுவாக. உங்க பேரு இருந்தாத்தான் நம்புவான். தந்தி வரும்னு அவன்ட்ட சொல்லிட்டுத்தான் நான் பஸ் ஏறுனேன்."

எழுந்து போகும்போது, "இந்தக் காயித விஷயம் யார்ட்டயும் சொல்லல ஹஜ்ரத்" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

30.9.90, ஞாயிறு

மார்க்கச் சட்டக் கிதாபுகளை இறக்கி வைத்துத் தேடினேன். அஸருக்கு முன்பே கிடைத்துவிட்டது. வீடு தீப்பற்றினால், கப்பல் மூழ்கினால், அமானத்தை வைத்திருப்பவன் அண்டை வீட்டாரிடமோ அடுத்த கப்பலிலோ ஒப்படைக்கலாம். தெளிவாக இருக்கிறது.

ஆனால் போர் தீ ஆகுமா? பெட்டியையும் நகையையும் வைத்துச் சொன்ன சட்டத்தை ஒரு கிழவிக்குப் பொருத்தலாமா? பொருத்தலாம் என்றுதானே ஜூலையில் நானே எழுதினேன். அவன் புறப்பட்டு, அந்த அம்மா தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடந்து செத்தால் அது யார் தலையில்? இருந்து அவன் செத்தால்?

ஒரு தடவை அவசரப்பட்டு எழுதியது போதும். இந்தத் தடவை தப்பு வரக் கூடாது. வேலூரில் எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்கு விவரமாக எழுதி, பதில் கார்டும் வைத்து அனுப்பினேன்.

3.10.90

சௌதா: "முதல்ல வரச் சொல்லுங்க. பொறவு ஆதாரம் தேடுங்க."

அவளுக்கு எல்லாம் எளிது.

5.10.90, வெள்ளி

தபால்காரர் கையை விரித்துவிட்டுப் போனார். சிக்கந்தர் இரண்டு தடவை வாசலில் வந்து நின்றான். கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

8.10.90, திங்கள்

உஸ்தாதிடமிருந்து கார்டு. இரண்டே வரி. "தாராளமாக ஆகும். உயிர் போகிற காரியத்துக்கு எனக்கு எழுதிவிட்டு ஏன் காத்திருக்கிறீர்?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே புறப்படு, அனுமதி உண்டு, அசன் முகம்மது. கவுன்டரில் இருந்தவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். எப்போது போகும் என்று மூன்று தடவை கேட்டேன். "நான் என்னங்க செய்ய, கம்பியில போறதுதான்" என்றார்.

14.10.90

குவைத்துக்கு ஆளேற்றப் போகும் பஸ்கள் நின்றுவிட்டனவாம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதற்குள் ஏறியிருப்பான்.

21.10.90, ஞாயிறு

ஏறவில்லை.

தளவாய்புரத்துக் கொத்தனார் சோலைச்சாமி திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் பிடித்துப் போனேன். அவர் வேலை பார்த்த இடமும் பீர் மைதீன் இருந்த இடமும் பக்கம் பக்கம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"பத்தாந்தேதி கடைசி பஸ்ஸு பாய். ஒரு சீட்டு கிடந்துச்சு. நானே அந்த வீட்டுக்குப் போயிக் கூப்பிட்டேன். கெழவியத் தூக்கிச் சாத்தி வச்சிக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தான். ‘எங்க ஹஜ்ரத்துட்டருந்து தந்தி வரும்ணே. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வந்துரும். பக்கத்துல ஒரு பாலஸ்தீனக் குடும்பம் இருக்கு, தந்தி வந்ததும் அவுகள்ட்டக் கெழவிய விட்டுட்டு வாரேன்’னான். ஏலே கிறுக்கா, இதான் கடைசி வண்டின்னேன். சிரிச்சான்."

எட்டாம் தேதி தந்தி அடித்தேன் என்றேன்.

"நான் ஏறுற வரைக்கும் வரல பாய்."

சீட்டும் இருந்திருக்கிறது. கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்திருக்கிறார்கள். என் ஒரு வார்த்தைதான் இல்லை. முப்பதாம் தேதியே அடிச்சிருந்தா வந்திருப்பான்லா. முதல் நாளே கிதாபுல கண்ணால பார்த்தேனே. ஏன் அடிக்கல? எட்டு நாள் என்ன செஞ்சேன் — எட்டு நாள் — ஒரு கார்டுக்காக உட்கார்ந்திருந்தேன். அவனுக்காக இல்லை. நான் எழுதுவது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

மஃரிபுக்கு ஊர் திரும்பித் தொழ வைத்தேன். எந்த சூரா ஓதினேன் என்று நினைவில்லை.

17.1.91, வியாழன்

குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். சத்திரப்பட்டியில் தறி வைத்து மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி போடும் சௌதாவின் அண்ணன் வந்திருந்தார். பம்பாயிலிருந்து ஆர்டர் மேல் ஆர்டராம், மூன்று ஷிஃப்ட் ஓடுகிறதாம். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரஹ்மத் பீவிக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. தினமும் துஆக் கேட்டு வருகிறாள். ஓதி ஊதி அனுப்புகிறேன்.

1.3.91, வெள்ளி

சண்டை முடிந்துவிட்டது. ரஹ்மத் பீவி பள்ளிக்கு நெய்ச்சோறு அனுப்பியிருந்தாள். மகன் வந்துவிடுவானாம். ஒரு வாய் சாப்பிட்டு மூடி வைத்தேன்.

9.6.91, ஞாயிறு

அந்த அரபியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அரபியில். ஊரில் அதைப் படித்து அர்த்தம் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ரஹ்மத் பீவி வீட்டுக்கு வரச் சொன்னாள். சம்சாத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைத்திருந்தார்கள். குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். ஏப்ரலில் ஊர் திரும்பினாராம். வீடு சூறையாடப்பட்டுக் கிடந்ததாம். தாயார் ஜனவரியில் இறந்திருக்கிறார். வீட்டுத் தோட்டத்திலேயே முறையாகக் கஃபன் துணி சுற்றி, கிப்லாவை நோக்கி அடக்கியிருக்கிறது, தலைமாட்டில் கல் நட்டிருக்கிறது. எல்லாம் டிரைவர் செய்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். பிப்ரவரி கடைசியில், படை பின்வாங்கும்போது அந்தத் தெருவிலிருந்து பதினான்கு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் இவனும் ஒருவன். பிறகு யாருக்கும் தகவல் இல்லை.

"ஏத்திட்டுத்தான போனாக? அப்ப உசுரோட இருக்கான்" என்றாள் ரஹ்மத் பீவி.

சம்சாத் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசி வரியை நான் வாசிக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு அமானத் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவருக்கு அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக" என்று எழுதியிருந்தது. மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

11.8.91, ஞாயிறு

இன்று ஜமாஅத்துக் கூட்டம். சம்சாத்தின் அண்ணன் கேட்டு வந்திருந்தார். "எந்தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயசு. அவ நிலைமை என்னன்னு சொல்லுங்க. மாப்பிள்ளை மௌத்தா, உசுரோட இருக்காரா? எவ்வளவு காலம் இருக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் தெரியும். பழைய தீர்ப்புப்படி, காணாமல் போனவனின் வயதொத்தவர்கள் எல்லாம் மண்ணுக்குப் போகும் வரை. பின்னால் வந்த பெரியவர்கள் நான்கு வருடம் என்று இளக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். அந்தச் சட்டம் வரவில்லை. "இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவன் அங்கே நின்றதற்கு நான்தான் காரணம்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலைக் கடிதம், சிக்கந்தர், கிதாபு, உஸ்தாதின் கார்டு, எட்டு நாள், சோலைச்சாமி. வாசிக்காமல் விட்ட கடைசி வரியையும் சொன்னேன். திட்டுவார்கள், எழுந்து அடிக்கவும் செய்வார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்தவல்லி அழுதார். "நம்ம பள்ளியில ஓதுன பிள்ளை! குண்டு விழும்போதும் அமானத்த விடலையே! அந்த அரபியே எழுதியிருக்கானே!" ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார். கையை இழுத்துக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

எட்டு நாளை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன். "அது விதி ஹஜ்ரத்" என்றுவிட்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரஹ்மத் பீவி, "அப்ப எம் மகன் உசுரக் குடுத்த ஷஹீதா ஹஜ்ரத்? சொல்லுங்க" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "இல்ல, இல்ல, சொல்ல வேண்டாம். அவன் இருக்கான்" என்றாள்.

சம்சாத் காரியம் என்ன ஆனது? "அப்பேர்ப்பட்டவன் பொண்டாட்டிக்கு இன்னொரு நிக்காஹ்னு வாயெடுக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதோடு கூட்டம் கலைந்தது. அவளை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துச் சொன்னேன். முடிச்சு இறுகிவிட்டது.

13.8.91, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சம்சாத் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அண்ணன் மூலமாக எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"எட்டு நாளா ஹஜ்ரத்?"

"ஆமாம்மா."

"அந்த எட்டு நாளும் நான் இங்கதான இருந்தேன். பஸ்ஸுல அரை மணி நேரம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? வேலூருக்கு எழுதத் தெரிஞ்சவியளுக்கு எங்கிட்ட கேக்கத் தெரியல. நான் அடிச்சிருப்பேனே தந்தி. உங்க பேரப் போட்டு நானே அடிச்சிருப்பேன்."

அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் மனைவி அவள். இந்தப் பத்து மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஜன்னலில் ஒரு டம்ளர் காப்பி வைத்தாள். குடிக்காமல் வந்தால் தப்பாகிவிடும் என்று குடித்தேன்.

20.9.91, வெள்ளி

நபி பிறந்தநாள் மீலாது வாரம். முத்தவல்லி நோட்டீஸ் அடித்திருந்தார். ‘அமானத் காத்த வீரர் பீர் மைதீன்’, பேசுபவர் நான். ஒரு மாதமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்கிறார். புது மைக் செட்டும் வந்துவிட்டது. அடக் கொடுமையே.

மிம்பர் மேடையில் ஏறினேன். முன்வரிசையில் சிக்கந்தர். அவன் பக்கத்தில் ஆறு பேர். குவைத்தைத் திருப்பிக் கட்ட ஆள் எடுக்கிறார்கள், அடுத்த மாதம் போகிறார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

"பீர் மைதீன் நல்லவன். நோயாளியைக் கடைசி வரை பார்த்து, மண்ணுக்குள் வைத்தவன். அது அவனுடைய நன்மை. அதைப் பிரசங்கம் செய்ய எனக்கு அருகதை இல்லை. போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சண்டை வந்தால் யாரையும் கேட்காதீர்கள். என்னைக் கேட்காதீர்கள். கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள்."

கசமுசவென்று சத்தம் எழுந்தது. "இறங்குங்க ஹஜ்ரத்" என்று யாரோ. "குத்பாவா இது?" என்று இன்னொருவர். இறங்கினேன். தொழ வைக்கும்படி, பாங்கு சொல்லும் மோதினாரிடம் கையைக் காட்டிவிட்டுப் பின்வரிசைக்குப் போய் நின்றேன்.

2.10.91

இமாம் வேலையை விட்டாயிற்று. ஒரு வார்த்தை மாப்புக் கேட்டால் போதும், மறந்துவிடலாம் என்று முத்தவல்லி வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். மாப்புக் கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்பாரே, அதற்கு என்ன செய்வது? பதில் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். முன்னால் நின்று தொழ வைக்கும்போது முதுகு எரிகிறது. பின்னால் நிற்பவர்களில் ஒருவன் குறைகிறான்.

பள்ளிவாசல் கொடுத்த வீட்டைக் காலி செய்கிறோம். சௌதா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே, "ஓதுனது அம்புட்டும் வீணாப்போச்சே" என்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டும் ஷெட் ஒன்று அவருக்கு இருக்கிறது. அங்கே வேலை.

கிதாபுகளை மதரஸாவுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பாகையையும்.

6.3.92

ஜும்ஆவுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சௌதாவுக்குத் தெரியும். கேட்பதில்லை. ஷெட்டில் எல்லோரும் என்னை அசன் பாய் என்கிறார்கள்.

30.11.94

சம்சாத்தின் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். அவன் கடிதம் நின்று நான்கு வருடம் தாண்டிவிட்டது, கோர்ட்டில் மனுப் போடுகிறார்களாம். கணவன் காணாமல் போனதற்கு, கடைசியாக அவனோடு கடிதப் போக்குவரத்து இருந்ததற்குச் சாட்சி வேண்டும். ஜமாஅத்தில் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். சிக்கந்தர் குவைத்தில். "நீங்க வருவியளா?"

வருகிறேன் என்றேன்.

சௌதா சொன்னாள்: "போங்க. இதுக்காவது யாரையும் கேக்காமப் போங்க."

15.3.95, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். முத்தவல்லி நேற்றே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், ஷஹீதின் பெயரைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேனாம். வராந்தாவில் நின்ற நாலைந்து பேர் சலாம் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்கள்.

கூண்டில் ஏறினேன். தொழில் என்ன என்று கேட்டார்கள். பேண்டேஜ் துணி சுருட்டுகிறேன் என்றேன். அதற்கு முன்பு? இமாம். ஏன் விட்டீர்கள்? வக்கீல் இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. "அவசரமாக ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாமதமாகச் சொன்னேன்" என்றேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கடிதம், தேதிகள், தந்தி ரசீது எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நாளையும் சொன்னேன். முதன்முறையாக அதை ஒருவர் காகிதத்தில் பதிவு செய்தார்.

சட்டப்படி கணவன் வீட்டாரையும் கேட்க வேண்டுமாம். ரஹ்மத் பீவியைக் கூப்பிட்டார்கள். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஒடுங்கிப்போய்விட்டாள். இந்தத் திருமணத்தை ரத்துச் செய்வதில் ஆட்சேபம் உண்டா என்று ஜட்ஜ் கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆட்சேபம் சொன்னால் இன்னும் எத்தனை வருடம் இழுக்குமோ.

"அவ சின்னப் புள்ளய்யா. போகட்டும்" என்றாள் ரஹ்மத் பீவி. "நான் இருக்கேன்."

ரத்தாகிவிட்டது. ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான் செல்லுமாம், ஒருவேளை அதற்குள் அவன் வந்தால் என்று. வெளியே வந்து சம்சாத் மாமியாரின் தோளில் சாய்ந்து அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டும் என்று இல்லை.

15.9.95, வெள்ளி

ஆறு மாதம் முடிந்தது. யாரும் வரவில்லை.

19.9.95, செவ்வாய்

வருகிற வெள்ளிக்கிழமை சம்சாத்துக்கு நிக்காஹ். மாப்பிள்ளை சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போகிறார். சௌதா சொல்லித்தான் தெரியும்.

இன்று பதினொரு மணிவாக்கில் ரஹ்மத் பீவி ஷெட்டுக்கு வந்தாள். ராஜபாளையத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். துணிச் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தாள். பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றாள். இத்தனை வருடத்தில் என்னைத் தம்பி என்றது இதுதான் முதல் தடவை.

"அவளுக்கு நாலு வருஷம்னாக. இருந்தா. பொறவு கோர்ட்டுல ஆறு மாசம்னாக. அதுவும் இருந்தா. முடிஞ்சுபோச்சு, போறா. எனக்கு எம்புட்டுன்னு யாருமே சொல்லலியே. தாய்க்கு எம்புட்டு வருஷம் தம்பி?"

ஓதியதையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். மனைவி எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. சொத்தை எப்போது பிரிக்கலாம் என்று வாரிசுகளுக்கு இருக்கிறது. தாய்க்கு ஒரு வரி எங்கேயும் நான் படித்ததில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் சுருட்டிக்கொண்டிருந்த துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை இரண்டு பேருமாகச் சுருட்டினோம்.

பஸ் ஏற்றிவிடும்போது, நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டாள்.

வாங்க என்று உடனே சொன்னேன்.